வாபஸ் வாரம்

டிசம்பர் 12, 2025, வெள்ளி. எடிசன், நியூஜெர்சி

சாயங்காலம் 7 மணிக்கு கல்லூரி அட்மிஷன் ரிசல்ட். ஆறே முக்காலுக்கே மகள் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டாள். ரசம் பொங்கி அடுப்பில் வழிந்ததைக்கூட கவனிக்காமல் நாங்கள் இருவரும் மாடிப்படிக்குக் கீழே நின்றோம். ஏழு மூணுக்கு ஒரு அலறல். எர்லி டிசிஷனில் இடம் கிடைத்துவிட்டது! இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கல்லூரியின் பெயரை இங்கே எழுதக்கூடாது என்பது மகளின் உத்தரவு.

டிசம்பர் 13, சனி

திருச்சிக்கு வீடியோ கால். மாமியார் ஆசீர்வாதமெல்லாம் முடித்துவிட்டு, "மத்த காலேஜெல்லாம் என்ன சொல்லுச்சு?" என்றார். அவர்கள் சொல்வதற்கு முன்பே நாமே விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்றதும், "கேட்டுட்டு வேண்டாம்னு சொன்னா ஆகாதா?" என்றார்.

அவர் கேட்பதில் தப்பில்லை. கொழுந்தனார் பையன் தமிழ்நாட்டில் பொறியியல் கவுன்சலிங் போனபோது, 'இந்த இடம் சரி, மேலே கிடைத்தால் மாறிக்கொள்கிறேன்' என்றே ஒரு கட்டம் இருந்தது. இங்கே எர்லி டிசிஷன் தலைகீழ். அக்டோபர் கடைசியிலேயே மகள், நான், பள்ளிக் கவுன்சலர் மூவரும் காமன் ஆப்பில் (பல கல்லூரிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து விண்ணப்பிக்கும் இணையதளம்) கையெழுத்துப் போட்டாயிற்று: கிடைத்தால் அங்கேதான், மற்றதெல்லாம் வாபஸ். ஒரே ஒரு இடத்துக்குத்தான் இப்படி வாக்குக் கொடுக்க முடியும்.

டிசம்பர் 14, ஞாயிறு

மகள் அப்போதே எல்லாவற்றையும் வாபஸ் வாங்கத் துடித்தாள். நான் விடவில்லை. அந்த வாக்கிலிருந்து கௌரவமாக விலக இருக்கும் வழி, உதவித்தொகை போதவில்லை, கட்டுப்படியாகாது என்பதுதான். அதனால் உதவிக் கடிதம் கைக்கு வராமல் எதையும் தொடக்கூடாது. நல்லவேளை, அனுமதிக் கடிதத்தோடு அதுவும் வந்திருந்தது. அக்டோபரில் உதவித்தொகை போக நாம் கட்ட வேண்டியது எவ்வளவு என்று கல்லூரியின் நெட் பிரைஸ் கால்குலேட்டர் காட்டிய தொகையை இவர் எக்செல்லில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வருஷத்துக்கு 1,800 டாலர் கூடுதல். சமாளிக்கலாம்.

மாலை நண்பர் வீட்டில் விருந்து. ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "சும்மா விட்டு வைங்க. எங்கெங்க கிடைக்குதுன்னு பார்க்கலாமே, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார். யாருக்குத் தெரியாது? கவுன்சலருக்குத் தெரியும். இந்த வருஷம்தான் துலேன் பல்கலைக்கழகம், ஒரு மாணவர் வாக்கு மாறினார் என்று அவர் படித்த பள்ளிக்கே எர்லி டிசிஷனை ஓராண்டு நிறுத்தியது. தப்பு ஒருவருடையது, தண்டனை அடுத்த செட்டுக்கு. அது எனக்கு நியாயமாகவும் படவில்லை. ஆனாலும் பயமாக இருந்தது.

அந்த விருந்திலேயே இன்னொரு பையன், மகளின் வகுப்புதான், டிஃபர் ஆகிவிட்டதாம்; இப்போது முடிவில்லை, பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்துவிட்டார்கள். தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான். மகளைப் போலவே அவனும் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போட்டிருக்கிறான். மகள் வீடு திரும்பும் வழியில் பேசவே இல்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

ஆறு இடங்கள். காமன் ஆப்பில் ஒரே பொத்தானில் முடியும் என்று நினைத்திருந்தேன். இல்லை, ஒவ்வொரு கல்லூரி போர்ட்டலுக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். ஒன்றில் படிவம், காரணத்தைத் தேர்ந்தெடு, எங்கே சேர்கிறாய், முழுப் பெயரைத் தட்டச்சு செய். ஒன்றில் படிவமே கிடையாது, மின்னஞ்சல்தான். இன்னொன்றில் பாஸ்வேர்ட் மறந்து மூன்று முறை தப்பாக அடித்து, கணக்கே பூட்டிக்கொண்டது. கட்டிய 400 சொச்சம் டாலர் திரும்ப வராது. ஜனவரி 1 கெடுவுக்காக எழுதி வைத்த நாலு கட்டுரைகள் அனுப்பாமலே கிடக்கின்றன. அதில் ஒன்று, எங்கள் பழைய டொயோட்டா நெடுஞ்சாலையில் நின்றுபோன இரவைப் பற்றியது. அனுப்பியவற்றைவிட அதுதான் நன்றாக இருந்தது.

நியூஜெர்சியின் அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸை மட்டும் கடைசிக்கு வைத்தாள். இவர் எம்.எஸ். படித்த இடம், வீட்டிலிருந்து கால் மணி நேரம். எர்லி ஆக்‌ஷன் ரிசல்ட் ஜனவரி கடைசிக்குள் வந்திருக்கும்; அது சீக்கிரம் முடிவு சொல்லும், ஆனால் கிடைத்தாலும் சேரக் கட்டாயமில்லாத வகை. "அப்பா, நீங்க அழுத்துறீங்களா?" என்று மடிக்கணினியை நீட்டினாள். "உன் விண்ணப்பம், நீதான் அழுத்தணும்" என்று குப்பையைக் கட்டி எடுத்துக்கொண்டு வெளியே போனார். குப்பை வண்டி வருவது வியாழக்கிழமை.

டிசம்பர் 19, வெள்ளி

நாலு இடத்திலிருந்து 'உங்கள் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டது' என்று பதில். எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கிக் கவுன்சலருக்கு அனுப்பினாள். முன்பணமும் கட்டியாயிற்று.

ஜனவரி 9, 2026, வெள்ளி

பதில் வராத இரண்டில் ஒன்றிலிருந்து இன்று வாழ்த்துக் கடிதம். அனுமதி. கூடவே வருஷத்துக்கு 15,000 டாலர் ஸ்காலர்ஷிப். வாபஸ் மின்னஞ்சலை யாரும் பார்க்கவில்லை போலிருக்கிறது. விண்ணப்பங்களுக்கென்று நாங்கள் மூவரும் வைத்திருக்கும் பொது மின்னஞ்சல் கணக்கு என்பதால் முதலில் பார்த்தது நான்தான். நாலு வருஷத்துக்கு 60,000 என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. அவள் பள்ளியிலிருந்து வரும்வரை யாரிடமும் சொல்லவில்லை.

வந்ததும் காட்டினேன். ஷூவைக்கூடக் கழற்றாமல், நின்றபடியே போனில் பழைய வாபஸ் மின்னஞ்சலைத் தேடி எடுத்து, மேலே இரண்டு வரி சேர்த்து மறுபடி அனுப்பினாள். "அம்மா, அந்த லெட்டரை டிலீட் பண்ணிடு."

சரி என்றேன். பாட்டிக்கு ஒரு காப்பி அனுப்பிவிட்டுத்தான் செய்தேன்.