சி டிரைவில் சிவப்புக் கோடு

ஜூன் 3, 2025, செவ்வாய்

காலையில் ஸ்கேன், ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் என் கடையைத் திறந்து லேப்டாப்பை ஆன் செய்தேன். வாசல் தெளித்து, எதிர்க்கடையில் டீ வாங்கி வந்து, பாதி குடித்த பிறகுதான் திரை முழுசாக வந்தது. நான்கு நிமிடம் பத்து நொடி. மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் பத்து நாளுக்கு மேல் இருக்கிறது. விசைப்படகெல்லாம் கரையில் கிடப்பதால், வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட வருமானச் சான்று, பான் கார்டு, பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம் எல்லாவற்றையும் எங்கள் மண்டபம் ஊர் ஆம்பளைகள் இப்போதுதான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். ஒரு பிடிஎஃப் திறப்பதற்குள் பெஞ்சில் மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள்.

எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் சிபியு (பிராசஸர்) 12 சதவீதம், டிஸ்க் 100. சி டிரைவில் சிவப்புக் கோடு, 150 ஜிபியில் மிச்சம் 1.2. இடம் இல்லாததால்தான் இழுக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஜூன் 4

ரீசைக்கிள் பின்னில் மட்டும் 11 ஜிபி. அழித்துவிட்டோம் என்று நான் நினைத்ததெல்லாம் அங்கேதான் குந்தியிருந்திருக்கிறது. அதைக் காலி செய்யும்வரை ஒரு பைட்கூடத் திரும்பி வராது.

அப்புறம் டவுன்லோட்ஸ். நான்காயிரத்துச் சொச்சம் கோப்பு. 'ஆதார் முன்பக்கம் 7', 'ஸ்கேன் 0041', 'புதுசு', 'புதுசு கடைசி', 'கடைசி கடைசி'. ஊரில் பாதிப் பேரின் ஆதாரும் பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கமும் பூட்டில்லாமல் என் கடையில் கிடந்திருக்கின்றன. இடத்தைவிட இதுதான் வயிற்றைக் கலக்கியது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலீட். பின்னுக்குக்கூடப் போகக் கூடாது.

ஜூன் 5

பாலிடெக்னிக்கில் படிக்கும் அண்ணன் மகன் வந்தான். எந்த ஃபோல்டர் எவ்வளவு தின்கிறது என்று சின்னதும் பெரியதுமாகக் கட்டம் போட்டுக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டுவிட்டான். சி டிரைவில் தற்காலிகக் கோப்புகள் சேரும் டெம்ப் ஃபோல்டரும் பழைய அப்டேட்டின் மிச்சமும் சேர்த்து 20 ஜிபி. டிஸ்க் கிளீனப்பில் போய்விட்டது. 'ஹைபர்னேட் கோப்பையும் தூக்கிரலாம் அத்தை' என்றான். அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. கச்சான் காற்று வீசும் மாசம், கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பாட்டரி சாகும் நேரத்தில் பாதி நிரப்பிய படிவத்தைக் காப்பாற்றிக் கொடுப்பது அதுதான். ஒன்றரை ஜிபிதானே, இருந்துவிட்டுப் போகட்டும்.

டி டிரைவில் ஒரே ஒரு பெரிய கட்டம், 310 ஜிபி. 'ரெண்டு நாள் வச்சிருங்கக்கா' என்று ஒரு ஃபோட்டோகிராஃபர் தம்பி 2021-ல் போட்டுவிட்டுப் போன கல்யாண வீடியோ. அந்தப் பெண்ணுக்கு இப்போது ரெண்டு பிள்ளை.

ஜூன் 6

சி டிரைவில் 60 ஜிபி காலி, கோடு நீலம். ஆன் செய்தால் மூன்று நிமிடம் ஐம்பது நொடி! மூன்று நாள் உழைப்புக்கு இருபது நொடி. ஸ்டார்ட்அப்பில் தானாக எழும்பும் பதினாலில் ஒன்பதை நிறுத்தினேன், இன்னும் கொஞ்சம் குறைந்தது. டிஸ்க் மட்டும் அதே 100.

மாலையில் அண்ணன் மகன் சொன்னதுதான் உறைத்தது. இடம் வேறு, வேகம் வேறு. ஹார்ட் டிஸ்க்கில் நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றும் தட்டின்மேல் ஒரு கை அங்கேயும் இங்கேயும் ஓடித்தான் படிக்க வேண்டும். திறந்திருப்பதைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரேம் 4 ஜிபிதான் என்பதால், பிரவுசர் நாலு டாப் திறந்ததுமே மிச்சத்தையும் அந்தத் தட்டிலேயே எழுதி எழுதி எடுக்கிறது. காலி இடம் இருந்தாலும் அந்தக் கை ஓடத்தானே வேண்டும். தட்டுக்குப் பதில் சில்லில் எழுதும் எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு ஒன்றுமே இல்லையாம்.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று பக்ரீத். இன்று ராமநாதபுரம் போய் 480 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி ரேம், யூஎஸ்பி கேபிள் ஒன்று வாங்கி வந்தேன். 480 என்று அட்டையில் போட்டிருக்கிறது, விண்டோஸில் 447 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டான் என்று கிளம்பப் பார்த்தேன். கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான் என்று அண்ணன் மகன் உட்கார வைத்தான்.

பின்மூடியைக் கழற்றுவதுதான் பெரும்பாடு. எட்டு வருஷ உப்புக்காற்று. பதினோரு திருகில் நான்கு துருப்பிடித்து, தலை வழுவழுவென்று ஆகிவிட்டது. திருகின்மேல் ரப்பர் பேண்டை விரித்து வைத்து, ஸ்க்ரூ டிரைவரை அழுத்தித் திருகினான். மூன்று வந்தது. நான்காவதைக் குறடு போட்டுப் பிடுங்கினோம். உள்ளே ஃபேனுக்கும் செம்புப் பட்டைக்கும் நடுவில் தூசு ஒரு கம்பளித் துண்டு மாதிரி படிந்திருந்தது. விரலால் இழுத்தால் ஒரே துண்டாக வருகிறது, ஓரத்தில் நெருநெருவென்று கடற்கரை மணல். சூடு வெளியே போக வழியில்லாவிட்டால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மத்தியானத்தில் படுமோசமாக இருந்ததற்குக் காரணம் இந்தக் கம்பளிதான் போல.

பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் குளோன் செய்தோம். பழையது ஒரு டிபி, அதாவது ஆயிரம் ஜிபி. அதை 480-க்குள் எப்படி அடக்குவது? நிரம்பியிருக்கும் அளவு அதற்குள் இருந்தால் போதும். கல்யாண வீடியோவை வெள்ளிக்கிழமையே அந்தத் தம்பி வந்து வாங்கிப் போயிருந்தான், அதனால் பொருந்தியது. மூன்று நாள் அழித்தது இதற்காவது உதவியது.

ஜூன் 9

இருபத்திரண்டு நொடி. டீ வாங்கப் போகவில்லை.

ஒரு குறை மிச்சம். பிராசஸர் ஏழாம் தலைமுறை, விண்டோஸ் 11 பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். விண்டோஸ் 10-க்கு ஆதரவு அக்டோபர் 14-ல் முடிகிறது. அதை அப்போது பார்த்துக்கொள்வோம்.

ஜூன் 16

படகுகள் கடலில் இறங்கிவிட்டன. இனி கடைக்குப் பெண்கள் வரும் நேரம்.

பழைய டிஸ்க்கை ஒரு வாரம் சும்மா வைத்திருந்தேன், புதியதில் சிக்கல் இல்லை என்று தெரிந்ததும் ஃபார்மட் போட்டேன். 'குவிக்' என்ற டிக்கை எடுத்துவிட்டுத்தான். குவிக்கில் எந்தக் கோப்பு எங்கே என்ற அட்டவணை மட்டும் போகும், ஆதார் எல்லாம் உள்ளேயே கிடக்கும். முழு ஃபார்மட் ராத்திரி முழுக்க ஓடியது. விண்டோஸ் தானாகத் துப்புரவு செய்யும் ஸ்டோரேஜ் சென்ஸில், டவுன்லோட்ஸில் 14 நாள் திறக்காமல் கிடப்பது தானாகப் போகும்படி வைத்துவிட்டேன்.

மத்தியானம் கடற்பாசி எடுக்கப் போகும் ஆச்சி வந்தார். 'போன மாசம் ரேஷன் கார்டு ஸ்கேன் பண்ணினியேம்மா, அதில ஒரு காப்பி போடு.'

'அழிச்சிட்டேன் ஆச்சி. கார்டு கொண்டாங்க, ஒரு நிமிஷத்துல புதுசாப் போடுறேன்.'

'அழிச்சிட்டியா? உன்கிட்டதான் இருக்குன்னு நம்பி இருந்தேனே' என்று அரை நிமிடம் முறைத்தார். அப்புறம் இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலைக்கு அடியிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார்.