டாலஹாச்சி கவுண்ட்டி ரோட்டோர போர்டுகள்: அக்டோபர் நாட்குறிப்பு

அக்டோபர் 5, 2024, சனி

காலைல அஞ்சு மணிக்கே மெம்ஃபிஸ்ல இருந்து கிளம்பிட்டோம். போர்டு பாக்கணும்னா வெயில் ஏறுறதுக்குள்ள போய்ச் சேந்துடணும், வார்ப்பு அலுமினியத்துல எழுத்து புடைச்சு இருக்கும்ல, சாய்ஞ்ச வெயில் பட்டாதான் ஃபோட்டோல எழுத்து தெளிவா விழும், உச்சி வெயில்ல எடுத்தா பளபளன்னு கண்ணுல அடிக்குமே தவிர ஒரு வரி படிக்க முடியாது. இந்த மாசம் முழுக்க ஒரே கவுண்ட்டிதான் (நம்ம ஊரு மாவட்டம் மாதிரி), மிசிசிப்பில இருக்கிற டாலஹாச்சி. அங்க ரோட்டோரம் நிக்கிற சரித்திர போர்டு ஒண்ணு விடாம பாத்துடணும். நோட்டுல நாலு கட்டம் போட்டு வச்சிருக்கேன்: எங்க இருக்கு, யார் வச்சது, எந்த வருஷம், இப்ப என்ன நிலைமை.

யார் வச்சதுன்னு கலர பாத்தே சொல்லிடலாம். பச்சையா இருந்து தலைல மக்னோலியா பூ இருந்தா மாநில ஆவணத் துறை வச்சது, நீலம்னா ப்ளூஸ் இசையோட சரித்திரம் சொல்ற ப்ளூஸ் ட்ரெயில், ஊதான்னா 1955-ல கொல்லப்பட்ட எம்மெட் டில்ங்கிற பையனுக்கான நினைவுக் கமிஷன். "அந்தா உன் ஊதா"ன்னு இவர் வண்டி ஓட்டிக்கிட்டே கைய காட்டுற அளவுக்கு வந்துட்டார்.

இன்னைக்கு டட்வைலர். ப்ளூஸ் கேக்குறவங்களுக்கு இது கோயில் மாதிரி ஊரு. 1903-ல டபிள்யூ. சி. ஹேண்டிங்கிற இசையமைப்பாளர் இங்க ஸ்டேஷன்ல ரயிலுக்குக் காத்துக்கிட்டு இருந்தப்ப யாரோ ஒருத்தர் கிட்டார் தந்தி மேல கத்திய தேச்சு வாசிச்சத கேட்டிருக்கார், அந்த மாதிரி ஒரு சத்தத்த அதுக்கு முன்னாடி கேட்டதே இல்லைன்னு பின்னாடி எழுதி வச்சார். ஸ்டேஷன் இப்ப இல்ல, போர்டு மட்டும் நிக்குது. வாசிச்சவர் யாருன்னு யாருக்கும் தெரியாது. கேட்டவர் பேருதான் நமக்கு மிச்சம்.

ஊருக்கு வெளில மவுத் ஆர்கன் வாசிச்ச ப்ளூஸ்காரர் இரண்டாம் சன்னி பாய் வில்லியம்சன் கல்லறை. கல்லு மேல வர்றவங்க எல்லாம் மவுத் ஆர்கன் வச்சிட்டுப் போறாங்க, மழைல நனைஞ்சு துரு ஏறி, ஒண்ணு தொட்டதும் பொடிப்பொடியா கைல ஒட்டுச்சு. கல்லுல அவர் இறந்தது ஜூன் 1965-ன்னு வெட்டியிருக்கு, ஆனா மனுஷன் போனது மே 25. கல்லுலயே இருக்கேன்னு அப்படியே காப்பி பண்ணிடக்கூடாதுன்னு நோட்டுல கோடு போட்டு எழுதினேன்.

அக்டோபர் 12, சனி

சார்ல்ஸ்டன்ல ஒரு மணி நேரம்தான். இந்த ஒரு கவுண்ட்டிக்கு ரெண்டு தலைமை ஊரு, கிழக்க மேட்டுப்பக்கம் சார்ல்ஸ்டன், மேற்க டெல்டால சம்னர், ரெண்டுலயும் கோர்ட்டு உண்டு. மேட்ட விட்டு இறங்கினா ஒரே தட்டை நிலம், பருத்தி எடுக்கிற நேரம் வேற, மெஷின் எடுத்து உருட்டி ப்ளாஸ்டிக் சுத்தி பெரிய பெரிய உருளையா வயல் ஓரத்துல போட்டிருக்கான். நான் கோவில்பட்டிப் பக்கம், கரிசல்ல பிறந்தவ, பருத்தியப் பாத்தா எனக்கு அம்மாவோட விரல் நுனிதான் ஞாபகம் வரும், காய் ஓடு குத்திக் குத்தி கீறலா இருக்கும். அடிமைகளா இருந்து இங்க பருத்தி எடுத்தவங்க விரலும் அப்படித்தானே இருந்திருக்கும்.

சம்னர் கோர்ட்டு செங்கல் கட்டிடம், மணிக்கூண்டோட. முன்னாடி பச்சை போர்டு. 1955 ஆகஸ்ட் 28 விடியக்காலை சிகாகோவுல இருந்து சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்திருந்த எம்மெட் டில்னு 14 வயசுப் பையன தூக்கிட்டுப் போய் கொன்னுட்டாங்க, மூணு நாள் கழிச்சு உடம்பு ஆத்துல கிடைச்சுது, கழுத்துல பருத்தி மில்லோட ஃபேன முள்கம்பியால கட்டியிருந்தாங்க. பையனத் தூக்கினது லெஃப்லோர் கவுண்ட்டி, கொன்னது சன்ஃப்ளவர் கவுண்ட்டி, உடம்பு கிடைச்சது டாலஹாச்சிங்கிறதால கேஸ் இந்தக் கட்டிடத்துக்கு வந்துச்சு. குற்றம் சாட்டப்பட்டவங்க பிரையன்ட், மைலம்னு ரெண்டு வெள்ளைக்காரங்க, ஜூரி பன்னெண்டு பேரும் வெள்ளைக்கார ஆம்பளைங்க. பையனோட தாத்தா முறை மோஸ் ரைட், கருப்பினத்தவர் ஒருத்தர் வெள்ளைக்காரன கோர்ட்டுல கைகாட்டினா உசுரு மிஞ்சாதுங்கிற காலத்துல, எந்திரிச்சு நின்னு மைலம நோக்கி கைய நீட்டினார். செப்டம்பர் 23, 67 நிமிஷத்துல விடுதலைன்னு சொல்லிட்டாங்க. நாலே மாசத்துல, 1956 ஜனவரில, பிரையன்ட்டும் மைலமும் காசு வாங்கிக்கிட்டு நாங்கதான் கொன்னோம்னு ஒரு பத்திரிகைக்கு சொன்னாங்க. ஒரே குத்தத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாதுங்கிறதால ஒருத்தரும் ஒண்ணும் பண்ண முடியல.

அதே புல்தரைல, உள்நாட்டுப் போர்ல அடிமை முறைய விடாத தென் மாநிலங்களுக்காக சண்டை போட்ட கூட்டமைப்புப் படை சிப்பாய் சிலை, 1913-ல வச்சது. பையன் பேர் போட்ட போர்டு வந்தது 2007-லதான். நோட்டுல ரெண்டு வருஷத்தையும் பக்கத்துப் பக்கத்துல எழுதுறப்ப கை நின்னு போச்சு. 2005-ல ஹைவேக்கு அவன் பேர் வச்ச வரைக்கும், அம்பது வருஷமா இந்தப் பக்கம் அவன் பேர்ல ஒரு தகரம் கூட கிடையாது. 2007 அக்டோபர் 2-ஆம் தேதி கவுண்ட்டி மக்கள் இந்தக் கட்டிடத்து முன்னாடியே நின்னு அந்தக் குடும்பத்துகிட்ட மன்னிப்புக் கேட்டு வாசிச்சாங்க. உண்மையச் சொல்றதுல இருந்துதான் இணக்கம் தொடங்கும்னு அதுல வரும். நான் அந்த இடத்துல கொஞ்ச நேரம் நின்னேன். இவரும் ஒண்ணும் பேசல, வண்டில இருந்து தண்ணி பாட்டில் எடுத்து வந்து குடுத்தார்.

அக்டோபர் 13, ஞாயிறு

க்ளெண்டோரா. பழைய பருத்தி மில்லுல எம்மெட் டில் மியூசியம் வச்சிருக்காங்க. ஊதா போர்டுகளப் படம் எடுத்தேன்.

அப்புறம் கவுண்ட்டி எல்லைய தாண்டி மணிங்கிற (Money) ஊரு. நான் போட்ட விதிப்படி இது கணக்குல வராது, ஆனா விட்டுட்டுப் போக மனசு வரல. எல்லாம் ஆரம்பிச்ச பிரையன்ட் கடை இங்கதான் இருக்கு, பிரையன்ட் பொண்டாட்டிகிட்ட பையன் தப்பா நடந்துக்கிட்டான்னு பழி சொன்னது இந்தக் கடைலதான், கூரை போயி, சுவர் மேல கொடி ஏறி, உள்ள மரமே வளந்து நிக்குது. முன்னாடி இருக்கிற, கருப்பினத்தவர் உரிமைப் போராட்டத்தச் சொல்ற ஃப்ரீடம் ட்ரெயில் போர்டு 2011-ல வச்சது, அந்த ட்ரெயில்ல முதல் போர்டு இதுதான். பின்பக்கம் ஃபோட்டோவும் எழுத்தும் ஒட்டுன ஷீட்டு. 2017-ல யாரோ வந்து சுரண்டியிருக்காங்க, அடுத்த மாசம் ஷீட்டையே உரிச்சுட்டாங்க, மறுபடி போட்டிருக்காங்க. விளிம்புல நகத்த வச்சுப் பாத்தேன், நல்லா ஒட்டியிருக்கு.

அக்டோபர் 19, சனி

இந்தத் தேதிக்குன்னே எடுத்து வச்ச இடம், கிராபால் லேண்டிங், பையன் உடம்பு எடுத்த ஆத்துக்கரை. ஷார்க்கி ரோட்டுல திரும்பணும், ஃபோன்ல சிக்னல் சுத்தமா போச்சு, சரளை ரோட்டுல ரெண்டு மைல் தள்ளிப் போய் ஒரு வயல்ல முட்டி நின்னு, மழை பெஞ்ச சேத்துல பின் சக்கரம் வழுக்கி, "ஏங்க மெதுவா"ன்னு நான் கத்த, "நீ பேசாம வழியப் பாரும்மா"ன்னு இவர் சொல்ல, ஒரு வழியா வந்து சேந்தோம்.

இந்த இடத்துல நிக்கிறது நாலாவது போர்டு. முதல் போர்டு 2008-ல வச்சாங்க, கொஞ்ச மாசத்துல பிடுங்கி ஆத்துல போட்டுட்டாங்க. ரெண்டாவத துப்பாக்கியால சுட்டுக்கிட்டே இருந்தாங்க, 317 ஓட்டை, அது அப்படியே 2021-ல வாஷிங்டன்ல தேசிய அமெரிக்க வரலாற்று மியூசியத்துல காட்சிக்கு வச்சாங்க. மூணாவது 2018-ல வச்சு 35 நாள்ல சுட்டாச்சு. நாலாவது குண்டு துளைக்காத இரும்பு, 500 பவுண்டு, 2019 அக்டோபர் 19-ல திறந்தாங்க. இன்னைக்கு சரியா அஞ்சு வருஷம். போன வருஷம் ஜூலை 25, அந்தப் பையனோட பிறந்த நாள்ல, இந்தக் கரையையும் சம்னர் கோர்ட்டையும் சிகாகோவுல சவப்பெட்டிய மூடாம வச்ச சர்ச்சையும் சேத்து தேசிய நினைவிடமா அறிவிச்சாங்க. மகன் முகத்த ஊரே பாக்கட்டும்னு பெட்டிய மூட விடாதவ மேமி, அவ பேரும் அந்த நினைவிடத்துல இருக்கு.

ஆறு பழுப்பா, சத்தமே இல்லாம போகுது. போர்டு மேல ராத்திரிப் பனி, துப்பட்டா முனையால துடைச்சேன். முன்பக்கம் மேலிருந்து கீழ வரிசையா உள்ளங்கைய வச்சு தடவிப் பாத்தேன், அப்புறம் பின்பக்கம், அப்புறம் ஓரம், காலு. இவர் டார்ச் புடிச்சார். இரும்பு ஜில்லுன்னு இருந்துச்சு.

நாலாவது கட்டத்துல எழுதினேன்: அஞ்சு வருஷம், ஓட்டை இல்ல.

அடுத்த வாரம் டிப்போங்கிற ஊரு, பியானோ வாசிச்சுப் பாடின மோஸ் ஆலிசன் பிறந்த ஊரு, நீல போர்டு ஒண்ணு பாக்கி.