காட்டெருமைக்காக ஊர் மாட்டுக்கு ஊசி

முதுமலை பக்கம் வேலைன்னு சொன்னாலே எல்லாரும் கேக்குறது "புலி பாத்தியா?"ன்னுதான். பாத்தேன், அத விடுங்க. நான் கால்நடைத்துறை ஆளு, மசினகுடி, மாயார் சுத்துவட்டாரத்துல பட்டி மாடுகளுக்குத் தடுப்பூசி போடுறதுதான் பொழப்பு, ஆனா அதுல பாதி ஊசி காட்டெருமைக்காகத்தான்னு அங்க போய் ரொம்ப நாள் கழிச்சுத்தான் மண்டைல ஏறுச்சு.

1968ல வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்ங்கிற மாட்டு நோய்) வந்து முதுமலை, பந்திப்பூர் காட்டுல காட்டெருமைங்க கூட்டங்கூட்டமா செத்துச்சு. நல்லா வளந்த கிடா ஒரு டன் வரைக்கும் வரும், புலியே ரெண்டு தடவ யோசிச்சுட்டுத்தான் கிட்ட போகும், அத மாட்டு நோய் சாய்ச்சிருச்சு பாருங்க. வெக்கை இப்ப இல்ல, 2011ல உலகத்துலயே ஒழிஞ்சதா அறிவிச்சாச்சு. ஆனா கோமாரி (வாய்ப்புண், கால்புண் வர்ற நோய்) இருக்கு, அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) இருக்கு, பட்டி மாடு பகல்ல மேயுற அதே புல்லுலதான் காட்டெருமை விடிகாலைல மேயுது, கோடைல ரெண்டும் எறங்குறது ஒரே குட்டைல. காட்டெருமைய வரிசைல நிக்க வெச்சு ஊசி போட முடியுமா? அதான் ஊர் மாட்டுக்குப் போடுறோம்.

சொல்றதுக்கு சுலபம். இங்க நெறைய பட்டில மாடு வளக்குறது பாலுக்கு இல்ல, சாணிக்கு, லாரில லோடு லோடா எஸ்டேட்டுங்களுக்குப் போகும். அதனால மாடுங்க கையே படாம பாதிக்காடா வளந்திருக்கும், காதுல அடையாள எண் போட்ட மஞ்ச வில்லை மாட்டி அந்த 12 இலக்க நம்பர ஆப்ல ஏத்துறதுக்குள்ள நாலு ஒத வாங்கணும். விடியறதுக்குள்ள ஐஸ் பாக்ஸோட போய் நிக்கலைன்னா மந்த ஓட்டிட்டுப் போயிருவாங்க, அப்புறம் காட்டுக்குள்ள யாரத் தேடுறது? போனாலும் "ஊசி போட்டா செனை கலைஞ்சிருங்க சார், நீங்களா வந்து பாப்பீங்க?"ம்பாங்க. கோமாரி வந்த மாட்டோட வாயத் தொறந்து காட்டுவேன், எச்சில் கயிறு மாதிரி ஒழுகும், நாக்குத் தோலு கையோட உரிஞ்சு வரும். அதப் பாத்தும் சில பேரு அசையமாட்டாங்க. அவங்களையும் முழுசா தப்பு சொல்ல முடியல, பரம்பரையா மேச்ச எடம், இன்னிக்கு பாதிய உண்ணிச்செடிங்கிற களை மூடிக் கெடக்கு, மீதி புல்லுக்குத்தான் அவங்க மாடும் காட்டெருமையும் மானும் போட்டி. வனத்துறை உண்ணிச்செடி, மஞ்சக்கொன்னையெல்லாம் வெட்டி எடுக்குறாங்க, நல்ல வேலைதான், ஆனா வெட்டுன எடத்துல புதுப்புல் மொளச்சா மொதல்ல வாய் வெக்கிறது யாருன்னு நான் சொல்லணுமா?

என்னக் கேட்டா வனத்துறையும் நாங்களும் சேந்து ஒரே நாள்ல முகாம் போடணும். காடு அவங்களோடது, மாடு எங்களோடது, நோய் மட்டும் யாரோடதும் இல்லாம நிக்குது.

போன வாட்டி முரண்டு புடிச்ச பட்டிக்காரர் ஒருத்தர் இப்ப எறங்கி வந்திருக்காரு, "குடல்புழு மருந்தும் சேத்துக் கொண்டாங்க, மொத்தப் பட்டியையும் அடைச்சு வெக்கிறேன்"னாரு. மருந்து கேட்டு ஆபீசுக்கு இண்டென்ட் போட்டிருக்கேன்.