தண்ணீர் குடிக்காத புதுத்துணி

பிறக்கும் முன்னே பிள்ளைக்குத் துணி எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். வளைகாப்பு முடிந்து வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்த அன்று, என் பையில் இருந்த இரண்டு துணி டயப்பர்களைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "பிள்ளைக்கு இல்லை அம்மா, சோதித்துப் பார்ப்பதற்கு" என்றேன். பாதிப் பொய். ஆனாலும் அதைக் காப்பாற்றுவதற்காகவே சோதிக்க வேண்டியதாயிற்று.

இரண்டும் துவைத்துத் திரும்பக் கட்டும் ‘பாக்கெட் டயப்பர்’ வகை: வெளியே நீர் கசியாத உறை, அதில் உள்ள பாக்கெட்டுக்குள் செருகும் உறிஞ்சு பட்டை. ஒன்றின் பட்டை மைக்ரோஃபைபர் என்னும் செயற்கை நுண்ணிழை, மற்றொன்றினுடையது பருத்தி. பரணில் இருந்த என் பழைய பாலாடையை எடுத்துப் பருத்திப் பட்டையின்மேல் தண்ணீர் ஊற்றினேன். சேப்பங்கிழங்கு இலையில் உருள்வதுபோல் முத்துமுத்தாக உருண்டு தரையில் கொட்டியது. முந்நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கியது!

அம்மா சிரித்துவிட்டார். "புதுத்துணி எங்கேயடி தண்ணீர் குடிக்கும்? நாலைந்து தடவை அலசிப் போடு, வழிக்கு வரும்." அப்படித்தான் ஆயிற்று. பஞ்சில் இயற்கையாகவே இருக்கும் மெழுகும் ஆலையில் ஏற்றிய பசையும் போகப்போகத்தான் நூல் ஈரத்தை இழுக்கிறது. ஆறாவது சலவைக்குப் பிறகு ஊற்றியதையெல்லாம் குடித்தது. மைக்ரோஃபைபர் முதல் நாளே மடமடவென்று உறிஞ்சியதுதான், ஆனால் உள்ளங்கையால் அழுத்தினால் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. மடியில் கிடக்கும் பிள்ளையின் எடையும் அப்படித்தானே அழுத்தும்? அது தோலின் ஈரத்தையும் இழுத்துவிடும் என்பதால் நேராக உடம்பில் படவும் கூடாது. அதை ஒதுக்கிவிட்டேன்.

அடுத்த வில்லங்கம் தண்ணீர். எங்கள் தெரு போர் தண்ணீரில் குளித்தால் தலைமுடியே நார் ஆகிவிடும். உப்பும் சோப்பும் சேர்ந்து நூலில் படிந்து, காய்ந்த பட்டை அப்பளம்போல் விறைத்து நின்றது. துணியை மென்மையாக்கும் திரவத்தை ஊற்றச் சொன்னார் பக்கத்து வீட்டு அக்கா. அது நூலின்மேல் பூச்சாகப் படிந்து உறிஞ்சும் தன்மையையே கெடுத்துவிடும். சோப்புத்தூளைக் குறைத்து, கடைசி அலசலுக்கு மட்டும் குழாயில் வரும் காவிரித் தண்ணீரை எடுத்தேன். குடிக்கிற தண்ணீர் என்று அம்மாவுக்கு ஆதங்கம். ஒரு வாளியோடு சமாதானம் ஆனோம்.

பிள்ளைத் துணியைக் கொதிக்க வைத்தே தீருவேன் என்பது அம்மாவின் பிடிவாதம். பாக்கெட் டயப்பரின் உறையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் படலம் கொதிநீரில் உரிந்துவிடும். வேகவைக்க ஒன்று, வேகவைக்காமல் ஒன்று என்று பிரித்ததில்தான் முடிவு கிடைத்தது. லாங்கு பஜாரில் 12 மீட்டர் வெள்ளை மல் துணி எடுத்து, முக்கால் மீட்டர் சதுரமாக 16 துண்டுகள் வெட்டினோம். அகலத்தில் மிஞ்சியது துடைப்பதற்கு. தைக்காத துணி பிள்ளைத் துணி ஆகாது என்று அம்மாவே தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஓரம் அடித்தது பிரசவத்துக்குப் பிறகுதான். மேலே கட்ட நான்கு உறைகள். முதல் நாட்களின் தார்போன்ற கறுப்பு மலத்துக்கு அப்பாவின் பழைய வேட்டிகள். தூக்கிப் போட மனம் வலிக்காது.

அக்கினி நட்சத்திரத்தில் பிறந்தாள், 2.6 கிலோ. எல்லா வயதுக்கும் பொருந்தும் என்று எழுதியிருந்த பாக்கெட் டயப்பரில் அவள் தொடைக்கும் எலாஸ்டிக்குக்கும் நடுவில் என் இரண்டு விரல்கள் நுழைந்தன. எல்லாம் அந்த வழியாகவே ஒழுகியது. மல் துண்டு முக்கோணமாக மடிந்து கச்சிதமாக உட்கார்ந்தது. தொப்புள் கொடி விழும்வரை முன்பக்கத்தைக் கீழே மடித்து விட முடிந்தது. மாடி வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்தது, மஞ்சள் கறையும் காணாமல் போயிற்று. இதற்கு மட்டும் வேலூர் வெயிலை வாழ்த்தினேன்.

மூன்றாம் மாதம் கணவர் ஊருக்குக் காட்பாடியில் ரயில் ஏறியபோதுதான் பருத்திப் பட்டை போட்ட டயப்பர் அவளுக்குச் சரியாகப் பொருந்தியது. பையைத் திறந்தால் 16 மல் துண்டுகளும் மடித்து மேலாக இருந்தன. அம்மா வைத்தது.