முள்ளெலித் தோலில் 200 வருடப் போர்

மருந்துக்கு அடங்காத கிருமி என்றாலே ஆஸ்பத்திரியும் பண்ணையும்தான் நம் நினைவுக்கு வரும். அதனால்தான் 2022இல் நேச்சர் இதழில் வந்த முள்ளெலி ஆய்வை, கால்நடை நுண்ணுயிரியல் பிடித்த யாரைப் பார்த்தாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2011இல் இங்கிலாந்துக் கறவை மாடுகளின் பாலில், மெக்சி (mecC) என்ற புதிய எதிர்ப்பு மரபணுவோடு ஒருவகை எம்ஆர்எஸ்ஏ (பென்சிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியா) இருப்பதாக அறிவித்தார்கள். சரி, மாட்டுக்குப் போட்ட மருந்தால் வந்தது என்றுதான் தோன்றும். ஆனால் டென்மார்க், சுவீடன் முள்ளெலிகளைச் சோதித்தால் 60 சதவீதம் வரை அதே கிருமி!

காரணம் அவற்றின் தோலில் இருக்கிறது. அங்கே வாழும் ட்ரைக்கோஃபைட்டான் எரினேசி என்ற பூஞ்சை, பென்சிலின் வகை மருந்தைத் தானே சுரக்கிறது. அதனோடு ஒண்டுக்குடித்தனம் நடத்தும் பாக்டீரியா பிழைக்க வேண்டுமென்றால் எதிர்ப்பு இருந்தே ஆக வேண்டும். மரபணுவை வைத்துக் காலம் கணித்தால் 1800களின் தொடக்கம் வரை போகிறது. ஃபிளெமிங் பென்சிலினைக் கண்டது 1928இல்தான்.

முள்ளெலியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மனிதருக்கு வரும் எம்ஆர்எஸ்ஏ தொற்றுகளில் இந்த வகை ஏறக்குறைய 200இல் ஒன்றுதான். என் கவலை தொழுவத்தைப் பற்றியது. எதிர்ப்பு இயற்கையிலேயே தயாராக இருக்கிறது. கண்மூடித்தனமாகப் போடும் ஒவ்வொரு ஊசியும் அதற்கு இடம் கொடுக்கிறது.

மாடு வளர்ப்பவர்களே, மடிநோய் என்றால் முதல் ஊசிக்கு முன்பே காம்பை ஸ்பிரிட்டால் துடைத்து, முதல் பீச்சுகளை விட்டுவிட்டு, சுத்தமான குப்பியில் கொஞ்சம் பால் எடுத்து டாக்டரிடம் கொடுங்கள். ஆய்வகத்தில் அந்தக் கிருமியைத் தட்டில் வளர்த்து, மேலே மருந்து வில்லைகளை வைப்பார்கள். எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்த வளையம் விழுகிறது, அதாவது எந்த மருந்து கேட்கும் என்று ஓரிரு நாளில் தெரிந்துவிடும்.