பிரெஞ்ச் சார் டெக்குல போட்ட படம்

நம்ம பிரெஞ்ச் சார் தவறிட்டாருன்னு தகவல் வந்த அன்னைக்கே இங்க பாரிஸ்ல நம்ம பாண்டிச்சேரிக்காரங்க போடுற மலருக்குப் பொறுப்பா இருக்குற தம்பி போன் பண்ணி, அண்ணே நீங்கதான் சாரப் பத்தி எழுதணும்னு சொல்லிட்டாரு. சாரப் பத்தி எழுதுறதுன்னா சத்யஜித் ரே எடுத்த வங்காளப் படம் பதேர் பாஞ்சாலிய விட்டுட்டு என்னால எழுத முடியாது. போன வருஷக் கூட்டத்துல சாப்பாடு முடிஞ்சு உக்காந்திருந்தப்ப நம்ம ஆளு ஒருத்தர் அந்தப் படத்தப் பத்திதான் கேட்டாரு, "பெரிய படம் பெரிய படம்னு ஒலகமே சொல்லுது, அதுல என்னப்பா இருக்கு, ஒரு ஏழைக் குடும்பம் கஷ்டப்படுது, பொண்ணு செத்துப் போவுது, ஊரை விட்டுப் போறாங்க, அவ்ளோதானே"ன்னு. நியாயமான கேள்விதான். படம் வந்து 70 வருஷம் ஆயிடுச்சு, அந்தப் பொண்ணு துர்காவா நடிச்ச உமா தாஸ்குப்தாவும் 2024 நவம்பர்ல போய்ச் சேந்துட்டாங்க, இப்பவாவது அந்தக் கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லிடணும்.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன், அந்தப் படத்துக்குக் குடுக்குற பட்டத்துல பாதி சரியில்ல. இந்தியாவோட மொத எதார்த்தப் படம்னு சொல்லுவாங்க, ஆனா 1946-லயே தர்தி கே லால் வந்தாச்சு, 1953-ல பிமல் ராய் தோ பீகா ஜமீன் எடுத்துட்டாரு. வெளிநாட்டுல ஜெயிச்ச மொத இந்தியப் படமும் இது இல்ல, சேத்தன் ஆனந்தோட நீச்சா நகர் 1946-லயே கான் விழாவுல பெரிய பரிசை வேற படங்களோட சேந்து வாங்கிடுச்சு. லண்டன் பத்திரிகை சைட் அண்ட் சவுண்ட் பத்து வருஷத்துக்கு ஒரு தடவ விமர்சகர்கள்கிட்ட ஓட்டு வாங்கி லிஸ்ட் போடுது, அதுல 1992-ல ஆறாவது எடத்துல இருந்த படம் 2022-ல முப்பத்தஞ்சாவதுக்கு எறங்கிடுச்சு. படத்துல ஒரு ஃபிரேம் கூட மாறல, ஓட்டு போட்டவங்கதான் மாறியிருக்காங்க. அதனால இந்த பரிசு, ரேங்க் எல்லாத்தையும் ஓரமா வச்சிடுவோம், சாரும் அப்படித்தான் வச்சாரு.

சார் எப்படிப்பட்டவருன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அந்தப் பச்சை சைக்கிள், சட்டைப் பையில சாக்பீஸ் தூள், பிரம்பே இல்லாத ஒரே கிளாஸ். பிரெஞ்ச் ராணுவத்துல வேலை பாத்த சொல்தா குடும்பம். 1962-ல நம்ம பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோட சேந்தப்ப பிரெஞ்ச் குடியுரிமை வேணுங்கறவங்க எழுதிக் குடுக்கலாம்னு ஆறு மாசம் டைம் இருந்துச்சுல்ல, அவர் எழுதிக் குடுக்கல. அவங்க வீட்ல மத்தவங்கல்லாம் இங்க பிரான்ஸுக்கு வந்துட்டாங்க, அவர் மட்டும் முதலியார்பேட்டையிலயே இருந்துட்டாரு.

நான் ஒம்பதாவது படிக்கறப்ப எங்க கிளாஸ்ல எக்ஸ்கர்ஷனுக்கு வசூல் பண்ண பணம் காணாம போச்சு. அப்ப மில்லு கதவடைச்சிருந்த நேரம், அப்பாவுக்கு சம்பளம் வந்து ரொம்ப நாளாச்சு, எக்ஸ்கர்ஷன் பணம் கட்டாத ஆளுங்கள்ல நானும் ஒருத்தன். அது போதும்னு நெனச்சாரு ஒரு வாத்தியார். யார்னு சொல்ல வேணாம், கிளாஸ்ல இருந்தவங்களுக்குத் தெரியும். என்னை முன்னாடி கூப்புட்டு பைய வாங்கி மேஜை மேல தலைகீழா கொட்டினாரு. நோட்டு, முனை ஒடஞ்ச காம்பஸ், அப்பறம் பேப்பர்ல சுத்தி வச்ச ஒரு கைப்பிடி சத்துணவு சோறு, அது தங்கச்சிக்குன்னு எடுத்து வச்சது. பேப்பர் பிரிஞ்சு சோறு மேஜை மேல செதறிடுச்சு. மொத்த கிளாசும் அந்தச் சோத்தையே பாத்துச்சு. பணம் அதுல இல்ல, வேற எங்கயும் கெடைக்கவும் இல்ல, யார் எடுத்தாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. செதறுன சோத்தைக் கூட்டி அள்ளச் சொன்னாரு, அள்ளினேன். இவ்வளவு வருஷம் கழிச்சு இதை எழுதறப்பவும் கை நடுங்குது.

கொஞ்ச நாள் கழிச்சு ஒரு சனிக்கிழமை பிரெஞ்ச் சார் வாடகைக்கு வீடியோ டெக்கும் டிவியும் எடுத்துட்டு வந்து லேப் பக்கத்து ரூம்ல படம் போட்டாரு. சினிமான்னதும் எல்லாரும் சந்தோஷமா ஓடி வந்தோம், வங்காளிப் படம்னு தெரிஞ்சதும் பாதிப் பேர் முனக ஆரம்பிச்சுட்டாங்க. சார் டிவி பக்கத்துல நின்னுகிட்டு வசனத்தைத் தமிழ்ல சொல்லிகிட்டே வந்தாரு, அரை மணி நேரத்துல நிறுத்திட்டாரு, அப்பறம் எங்களுக்கும் அது தேவைப்படல. அந்தக் கெழவிய, இந்திர் தாக்ருன், பாத்து மொதல்ல சிரிச்ச பசங்க, மூங்கில் தோப்புல துர்கா தொட்டதும் அவங்க அப்படியே சரிஞ்சு விழுறப்ப கப்சிப்னு ஆயிட்டாங்க.

படத்துல பக்கத்து வீட்டுப் பொண்ணோட மாலை காணாம போவும். அவங்க வீட்டு ஆளுங்க வந்து துர்காவோட வெளையாட்டுச் சாமான் பெட்டியத் தொறந்து தேடுவாங்க. மாலை இருக்காது, ஆனா வந்தவங்க பேசுற பேச்சு தாங்காம அம்மா சர்பஜயா பெத்த பொண்ணையே தலைமுடியப் புடிச்சு இழுத்து அடிச்சு வெளிய தள்ளிடுவாங்க. அந்தப் பெட்டி தொறக்குற காட்சியில ரூம்ல இருந்த பாதிப் பேர் திரும்பி என்னைப் பாத்தாங்க. சார் பாக்கல, டிவியையேதான் பாத்துகிட்டு இருந்தாரு.

படம் முடிஞ்சதும் சார் கேட்டது ஒரே கேள்வி. "டேய், துர்கா மாலைய எடுத்தாளா இல்லையா?"

"எடுத்தா சார்"னு எல்லாரும் ஒரே குரல்ல கத்துனாங்க. "அப்ப அவங்கம்மா அடிச்சது சரிதான் சார்"னு ஒருத்தன் சொன்னான்.

"எடுத்தான்னு உனக்கு எப்படா தெரியும்?"

அவன் யோசிச்சான். "கடைசியில சார். அவ செத்ததுக்கு அப்பறம்."

"அவங்கம்மா அடிச்சாங்களே, அப்ப உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"அவங்கம்மாவுக்கு?"

அவ்வளவுதான், டெக்க மூடிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாரு. என் பேரைச் சொல்லல, என் தோள்ல கை வைக்கல, அந்த வாத்தியாரப் பத்தி ஒரு வார்த்தை பேசல. ஆனா திங்கக்கெழமையில இருந்து கிளாஸ்ல யாரும் என்னை அந்த மாதிரி பாக்கல, இது சத்தியம். சாருக்கு நான் பட்ட கடன் இது.

சரி, நம்ம நண்பர் கேட்ட கேள்விக்கு வர்றேன். அந்தப் படம் தாங்கி நிக்குறதே அந்த மாலையிலதான்னு நான் நெனைக்கிறேன், வறுமையில இல்ல. ரே நெனச்சிருந்தா துர்கா எடுக்கறத மொதல்லயே காட்டி நம்மள நீதிபதி ஆக்கியிருக்கலாம், இல்ல எடுக்கவே இல்லன்னு காட்டி நம்மள அழ வச்சிருக்கலாம், நம்ம தமிழ்ப் படமா இருந்தா ரெண்டாவதுதான் நடந்திருக்கும். அவர் ரெண்டும் செய்யல. தண்டனை குடுக்க ஆளே இல்லாமப் போனதுக்கு அப்பறம் உண்மையக் காட்டுறாரு, அதுவும் யாருக்கு, தம்பி அப்புவுக்கு மட்டும். வீட்டைக் காலி பண்றப்ப மேல இருந்த கொட்டாங்குச்சிய எடுக்கறான், மாலை விழுது, ஓடிப்போயி கொளத்துல வீசிடறான், பாசி வெலகுது, மறுபடி மூடிக்குது. அம்மா அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. ஒரு சின்னப் பையன் அக்கா மானத்தைக் காப்பாத்துறத ஒரு வசனம் இல்லாம காட்டணும்னா எவ்வளவு துணிச்சல் வேணும். அதை எடுத்தவருக்கு அது மொதப் படம், கேமராமேன் சுப்ரதா மித்ரா அதுக்கு முன்னாடி சினிமா கேமராவை இயக்கினதே இல்ல.

ரேவோட மனைவி நகையெல்லாம் அடகுக்குப் போயி, பணம் இல்லாம நின்னு நின்னு எடுத்து, கடைசியில மேற்கு வங்க அரசாங்கம் காசு குடுத்துதான் 1955-ல முடிஞ்சுது. நாணல் பூவுல ரயில் பாக்குற காட்சிய ஒரு நாள் எடுத்துட்டு திரும்பி வந்து பாத்தா மாடுங்க பூவெல்லாம் மேஞ்சிடுச்சாம், அடுத்த சீசன் வரைக்கும் காத்திருந்தாங்க. கொறை இல்லாத படம்னு நான் சொல்ல மாட்டேன், கூத்து பாக்குற எடம் தேவைக்கு மேல நீளம், அப்பா ஹரிஹர் பாத்திரம் அம்மா பாத்திரத்துக்குப் பக்கத்துல மெலிசா இருக்கு. ஆனா ஹரிஹர் ஊர்ல இருந்து திரும்பி வந்து செத்துப்போன பொண்ணுக்கு வாங்குன சேலைய நீட்டறப்ப, சர்பஜயா வாய் தொறந்து அழறாங்க, அழுகைச் சத்தத்தை எடுத்துட்டு அந்த எடத்துல தார் ஷெனாய்ங்கற தந்தி வாத்தியத்தை வீறிட விட்டிருக்காரு, அதைக் கேட்டதுக்கு அப்பறம் கொறையெல்லாம் எனக்கு ஞாபகத்துல நிக்க மாட்டேங்குது.

வறுமைய விக்கிறாருன்னு 1980-ல இந்தி நடிகை நர்கிஸ் குத்தம் சொன்னாங்க. கையால சாப்பிடற குடியானவங்களப் பத்தின படத்தை எனக்குப் பாக்க வேணாம்னு பிரெஞ்ச் டைரக்டர் த்ரூஃபோ சொன்னதா இந்தப் பாரிஸ்லயும் ரொம்ப காலமா ஒரு பேச்சு உண்டு. இதே பிரான்ஸ்காரரான டைரக்டர் ழான் ரெனுவார்தான் தன்னோட படத்துக்கு எடம் பாக்க கல்கத்தா போயி, ரேவைக் கூட கூட்டிகிட்டு சுத்துனவரு. நர்கிஸும் த்ரூஃபோவும் பாக்கலையேன்னு நான் வருத்தப்படறது ஒண்ணுதான், அந்தக் குடும்பம் ஏழைன்னு படம் ஒரு எடத்துலயும் பரிதாபத்தைக் கேக்கல. என் சோத்தைப் பாத்த மாதிரி துர்காவோட பெட்டிய அந்தக் கேமரா பாக்கல.

1993-ல லண்டன் ஃபிலிம் லேப் ஒண்ணுல தீப்புடிச்சு ரேவோட பல படங்களோட ஒரிஜினல் நெகட்டிவ் சேதமாச்சு, இதுவும் அதுல ஒண்ணு. எரிஞ்ச சுருளை பதப்படுத்தி 2015-ல புதுப்பிச்சாங்க. அந்த பிரிண்டை இங்க லத்தீன் குவார்ட்டர் தியேட்டர் ஒண்ணுல பாத்தேன், என்னைச் சுத்தி பிரெஞ்சுக்காரங்க, மாலை பாசிக்குள்ள போறப்ப பக்கத்துல ஒரு வயசான அம்மா மூச்சை இழுத்துப் பிடிச்சாங்க. சாருக்கு உடனே போன் பண்ணேன். "புது பிரிண்ட்ல மழை எப்படிடா இருக்கு"ன்னுதான் மொதல்ல கேட்டாரு. பெய்யிற மாதிரியே இருக்கு சார்னு சொன்னேன். "நீ எப்ப வர்ற"ன்னு கேட்டாரு. வர்றேன் சார்னு சொன்னேன்.

நான் பிரான்ஸுக்கு வந்தது பொண்டாட்டி வழி பிரெஞ்ச் குடியுரிமை பேப்பர்ல, நம்ம நெறைய பேர் வந்த மாதிரிதான். கெளம்பறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போகப் போனப்ப சார் தடுக்கல, அம்மாவை யார் பாத்துக்குவாங்கன்னு மட்டும் கேட்டாரு. தங்கச்சி இருக்கா சார்னேன். முத்தியால்பேட்டை வீடு இப்ப வேற யாரோட கையிலயோ இருக்கு.

ஹரிஹர் குடும்பம் மாட்டு வண்டியில காசிக்குக் கெளம்பறதோட அந்தப் படம் முடிஞ்சிடும். போன எடத்துல என்ன ஆச்சுங்கறது அடுத்த படம் அபராஜிதோ, 1957-ல வெனிஸ் பட விழாவுல தங்கச் சிங்கம் பரிசு வாங்குனது. அப்பு படிக்க கல்கத்தா போயிடுவான், அம்மா ஊர்ல தனியா கெடப்பாங்க, அவன் வந்து சேர்றதுக்குள்ள போயிடுவாங்க. எங்கம்மா விஷயத்துலயும் எனக்கு டிக்கெட் கெடைச்சு நான் வர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. பதேர் பாஞ்சாலிய விட அதுதான் பெரிய படம்னு சார் சொல்லுவாரு, எங்களுக்கு மட்டும் அதை அவர் போட்டுக் காட்டவே இல்ல. அவர் சொன்னது சரியான்னு என்னைக் கேக்காதீங்க. அந்தப் படத்தை மறுபடி உக்காந்து பாக்க என்னால முடியல.