பாய்மரப் படகுக்கு மேடை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

முத்துப்பேட்டைக்குத் தெற்கே, கோரையாறு காயலை நெருங்கும் இடத்தில், எங்கள் 14 அடிப் பாய்மரப் படகைக் கட்டி ஏறி இறங்குவதற்காகப் பனங்கால்கள் ஊன்றி ஒரு மேடை அமைத்தோம். மழைக்கால நீர்மட்டத்தை மட்டுமே மனத்தில் கொண்டு உயர்த்திக் கட்டியதால், பங்குனியில் நீர் இறங்கியபோது படகின் விளிம்பு மேடைக்கு அடியில் நுழைந்துகொண்டது. இரவில் ஓதம் (கடல்நீரின் ஏற்றம்) வரவே, மேலெழ வழியின்றிப் பலகையோடு நெரிபட்டு, விளிம்புக் கட்டை ஒரு முழ நீளத்துக்குப் பிளந்துவிட்டது. காலையில் அந்தப் பிளவை விரலால் தடவிப் பார்த்தபோது மனம் கனத்துப்போனது.

பாக் நீரிணையில் ஓத வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது கூடும். ஐப்பசி, கார்த்திகையில் ஆற்று வெள்ளமும் சேர்ந்துகொள்ளும்.

பக்கத்துத் துறையில் வத்தை என்னும் நாட்டுப் படகு வைத்திருக்கும் பெரியவர், "முதல்ல காலில் சிப்பி ஒட்டியிருக்கிற மேல்கோட்டைப் பாருங்க தம்பி" என்றார். வழக்கமான ஏற்றம் ஏறக்குறைய அதுவரை வரும் என்பதே அதன் பொருள். பின்னர், ஆட்களும் பாயும் ஏறிய நிலையில் நீரிலிருந்து விளிம்பு வரை அளந்தேன். ஒன்றேகால் அடி இருந்தது.

நிலையான மேடை இரு பருவத்துக்கும் பொருந்தாது என்பது என் முடிவு. ஆகவே பிளாஸ்டிக் பீப்பாய்களின்மேல், படகின் விளிம்பைவிடச் சற்றுத் தாழ்வாக, நீரிலிருந்து ஓரடி உயரத்தில் மிதக்கும் மேடையைக் கட்டி, அது நீரோடு ஏறி இறங்கும்படி கால்களைச் சுற்றி வளையங்கள் மாட்டினேன். 2018 நவம்பரில் கஜா புயலைக் கண்ட கரை இது. கடல் பொங்கினால் வளையம் கழன்றுவிடாதபடி கால்களை மட்டும் நன்கு உயரமாக விட்டிருக்கிறேன்.